மண்டபத்தில் நடந்த இறுதியாட்டம்

கபடியில் ஆளைத் தொட்டால் மட்டும் போதாது. மூச்சு அறுவதற்குள் நடுக்கோட்டுக்குத் திரும்பியாக வேண்டும். எத்தனை பேர் காலைப் பிடித்து இழுத்தாலும் விரல் நுனி கோட்டில் பட்டுவிட்டால் தப்பித்தோம். நாங்கள் செய்த கைப்பேசி விளையாட்டில் அந்தக் கோடு வெள்ளை வெளேரென்று, பார்க்க வெகு அழகாக இருந்தது. அதைப் பார்க்கவே முடியாத ஒருவர் அந்த ஆட்டத்தை ஆடிக்கொண்டிருப்பார் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நிரல் எழுதத் தெரியும், கருவிகள் தெரியும். அதிலெல்லாம் நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. நான் ஓய்வு பெற்றவள். எனக்குக் கணினிப் படிப்பும் கிடையாது. ஆனால் இந்த வேலையில், என்ன செய்வது என்று யாரையும் கேட்க நேரமில்லாமல் முடிவெடுக்க வேண்டிய நாள் ஒன்று உங்களுக்கும் வரும். எனக்கு வந்த அந்த நாளைச் சொல்கிறேன். அதற்கு முன்னால் நடந்ததையும் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

இந்தத் துறைக்கு வருமுன் கும்பகோணத்தில் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் இருந்தேன். தேர்தல் வந்துவிட்டால் இரண்டு கட்சிக்காரர்களும் எங்கள் ஒரே படிக்கட்டில்தான் ஏறி வருவார்கள். காலையில் ஒரு கொடி, மத்தியானம் இன்னொரு கொடி. இருவருக்கும் என் தொண்டைதான் வாக்குக் கேட்டது. “தாய்மார்களே, பெரியோர்களே” என்று நான் பதிவு செய்ததை ஆட்டோவில் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போவார்கள். நான் கடைவீதியில் போய் நின்று கேட்பேன். பேருந்து உறுமும்போது எந்தச் சொல் அமுங்குகிறது, எந்தச் சொல் சத்தத்தைக் கிழித்துக்கொண்டு வருகிறது என்று பார்ப்பேன். அமுங்கிய சொல்லை மாற்றி மறுபடி பதிவு செய்வேன். அதுதான் என் படிப்பு.

அந்தக் கூடம் மூடப்பட்டபின், ஒரு பாத்திரக்கடையின் மாடியில் ராகவன் என்ற இளைஞர் நடத்திய சிறு நிறுவனத்தில் சேர்ந்தேன். ஆறேழு பேர்தான் இருந்தோம். கபடி விளையாட்டுக்கு ஒலி அமைப்பது என் வேலை. பிடிக்க வருகிறவர்களின் காலடி இடப்பக்கம் இருந்தால் இடக்காதிலும் வலப்பக்கம் இருந்தால் வலக்காதிலும் கேட்கும்படி வைத்தேன். அழகுக்காக வைத்தது. கீழே கடையில் அண்டா குண்டான் உருளும் சத்தத்துக்கு நடுவே இந்த வேலையைச் செய்து முடித்தபோது எனக்கே பெருமையாக இருந்தது.

விளையாட்டு வெளிவந்த சில வாரங்களில் ஒரு பெண் அலுவலகத்துக்குப் பேசினாள். ராகவன் இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு, “அக்கா, சத்தம் பத்தி ஏதோ சொல்றாங்க, நீங்க பேசுங்க” என்று என்னிடம் கொடுத்துவிட்டார்.

“அக்கா, கோடு எங்க இருக்குன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?” என்றாள் அவள்.

“நடுவுல வெள்ளையா இருக்கும் பாரும்மா.”

“எனக்குப் பார்வை கிடையாதுக்கா.”

பிறகு எப்படி ஆடுகிறாய் என்று கேட்டேன். காலடி கேட்கிறதே, அதை வைத்துத்தான் ஆளைத் தொடுகிறேன் என்றாள். ஐந்தாவது கட்டம் வரைக்கும் போய்விட்டாளாம். திரும்பி வரும்போதுதான் கோடு எட்டியதா இல்லையா என்று தெரியாமல், கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் மூச்சை விட்டுவிட்டுத் தோற்றுப்போகிறாள். அழகுக்கு வைத்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு, எங்களுக்குத் தெரியாமலே எங்கள் ஆட்டத்துக்குள் வெகுதூரம் ஒருத்தி வந்திருந்தாள்.

அவள் பெயர் தமிழரசி. திருவிடைமருதூரைத் தாண்டி ஒரு கிராமம். பி.எட். முடித்துவிட்டு ஆசிரியர் வேலைக்குக் காத்திருந்தாள். அரசு கொடுத்த இலவச மடிக்கணினியில், எழுத்தை வாசித்துச் சொல்லும் மென்பொருளைப் போட்டுப் படித்தவள். அடுத்த வாரமே அம்மாவோடு பேருந்து ஏறி அலுவலகத்துக்கு வந்துவிட்டாள். அம்மா கமலா அதிகம் பேசாதவர். தன் மாமியார் கூலிக்கு நட்ட வயலில் இப்போது ஒரு துண்டு தங்கள் பெயரில் இருக்கிறது என்பதை மட்டும், நாங்கள் கேட்காமலே சொன்னார்.

தமிழரசி எங்கள் எல்லோரோடும் ஆடினாள். கோடு வந்துவிட்டதை மட்டும் பக்கத்தில் இருந்து நான் வாயால் சொன்னேன். ராகவனை மூன்று முறை தோற்கடித்தாள். ராகவன் பெரிய மனது உள்ளவர். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பார்வையற்றவர்களுக்கென்றே தனியாக ஒரு ஆட்டம் வைத்துவிடலாம், அதில் எதிராளிகள் மெதுவாக வருவார்கள், சுலபமாக ஜெயிக்கலாம், தனிப் போட்டியும் தனிப் பரிசும் வைக்கலாம் என்று அடுக்கிக்கொண்டே போனார். தமிழரசி பொறுமையாகக் கேட்டாள்.

“தனிப்பந்தி வேணாம் சார்,” என்றாள். “எங்க பாட்டன் காலத்துலயே அதுலேருந்து எந்திரிச்சு வந்தாச்சு. கோடு மட்டும் எங்க இருக்குன்னு சொல்லுங்க. மத்தபடி என்னைத் தோக்க விடுங்க.”

ராகவன் முகம் சிவந்துபோயிற்று. ஆனால் அன்றைக்கே அந்த யோசனையைக் கைவிட்டார். உங்களுக்கு நான் சொல்லக்கூடிய முதல் விஷயம் இது. இரக்கத்தில் செய்யும் சலுகை வேறு, வழியில் கிடக்கும் தடையை எடுப்பது வேறு. இரண்டும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோல இருக்கும். எது எது என்று ஆடுகிறவரிடம் கேட்டால்தான் தெரியும்.

கோட்டுக்கு ஒரு ஒலி வைத்தோம். நெருங்க நெருங்க உயரும் மெல்லிய ரீங்காரம். அதைக் கண்டுபிடிக்கப் பட்ட பாட்டை விட்டுவிடுகிறேன். புதிய பதிப்பு வெளியாக இருந்த சமயத்தில் நன்னிலத்திலிருந்து ஒருவர் செய்தி அனுப்பினார். தையல்காரர், காது கேளாதவர், எங்கள் ஆட்டத்தை விடாமல் ஆடுகிறவர். ஆடும் வேகத்தில் எதிராளிகளைப் பார்ப்பதா, கோட்டைப் பார்ப்பதா என்று தடுமாறுகிறேன், கண்ணில்லாதவர்களுக்குச் சத்தம் வைக்கிறீர்களாமே, காதில்லாத எனக்கு என்ன வைப்பீர்கள் என்று கேட்டிருந்தார்.

கையில் உணரும் அதிர்வு வைக்கலாம் என்று நான் சொன்னேன். கோடு நெருங்கினால் கைப்பேசி மெதுவாகத் துடிக்கும், தொட்டால் ஒரே அதிர்வில் நிற்கும். பின்னால் பார்த்துக்கொள்ளலாம், வெளியிடும் தேதி சொல்லியாகிவிட்டது, ஒரு ஆளுக்காக எல்லாரையும் காக்க வைப்பதா என்று ராகவன் கேட்டார். நியாயமான கேள்விதான். பின்னால் என்று தள்ளிவைத்த எதுவும் இந்த அலுவலகத்தில் நடந்து நான் பார்த்ததில்லை என்று நான் சொன்னேன். அவர் வெளியீட்டைத் தள்ளிவைத்தார். அதிர்வும் சேர்ந்தே போனது.

அதன்பின் தமிழரசியைத் தடுக்க ஆளில்லை. டெல்டா மாவட்டங்களெங்கும் உள்ள ஆட்டக்காரர்கள் கலந்துகொண்ட எங்கள் முதல் போட்டியில் ஒவ்வொரு சுற்றாக ஜெயித்துக்கொண்டே வந்தாள். நடுவில் ஒரு புகார் எழுந்தது. அந்த ரீங்காரம் அவளுக்குக் கூடுதல் பலம், அதை எடுத்துவிட வேண்டும் என்றார்கள் சிலர். அதே ஒலி உங்கள் கைப்பேசியிலும் இருக்கிறது, போட்டுக்கொண்டு ஆடுங்கள் என்று நான் பதில் அனுப்பினேன். பலர் போட்டுக்கொண்டார்கள். அப்போதும் அவள் ஜெயித்தாள். இறுதியாட்டத்தில் அவளுக்கு எதிராக வந்தது மன்னார்குடிக் கல்லூரி மாணவன் அருண். பேச்சில் அடக்கம், விரலில் மின்னல்.

இறுதியாட்டத்தைக் கும்பகோணத்தில் ஒரு கல்லூரி அரங்கத்தில் வைத்திருந்தோம். மூன்று மணிக்கு ஆட்டம். பெரிய திரை கட்டி, நாற்காலி போட்டிருந்தோம். அருண் தன் நண்பர்களோடு மத்தியானமே வந்துவிட்டான். தமிழரசியை மட்டும் காணவில்லை. அழைத்தால் எடுக்கவில்லை. ஐப்பசி மாதம், வானம் மூடிக்கொண்டிருந்தது. ஒன்றரை மணிவாக்கில் அவளே அழைத்தாள். பின்னால் ஒரே கூச்சல்.

“அக்கா, நான் கல்யாண மண்டபத்துல இருக்கேன்.”

இந்த நாளில் போய்க் கல்யாணமா என்று எனக்குக் கோபமாக வந்தது. யாருக்குக் கல்யாணம் என்று கேட்டேன்.

“கைது பண்ணி வச்சிருக்காங்கக்கா. ஊரே இங்கதான் இருக்கு.”

நடந்ததை அவள் சொன்னாள். அவர்கள் ஊர் வழியாக எரிவாயுக் குழாய் பதிக்கப் போகிறார்கள் என்று அந்த வருடம் முழுக்கத் தகராறு. அறுவடைக்குப் பின் பேசித்தான் தொடங்குவோம் என்று சொல்லியிருந்தார்களாம். அன்று காலை, சம்பா நட்டு முழங்கால் உயரம் வளர்ந்து நிற்கிற வயலில் இயந்திரத்தைக் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். பெண்கள் எல்லாரும் போய் வரப்பில் உட்கார்ந்துகொண்டார்கள். போட்டிக்குப் புறப்பட்டு நின்ற தமிழரசி, அம்மா போகிறார் என்றதும் தானும் போய் உட்கார்ந்துவிட்டாள். காவல்துறை எல்லாரையும் வண்டியில் ஏற்றித் திருவிடைமருதூர்ப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்திருந்தது. மாலையில் விட்டுவிடுவார்கள். ஆனால் மூன்று மணிக்கு விடமாட்டார்கள்.

நீ போகாமல் இருந்திருக்கலாமே என்று என் வாய்வரை வந்தது. சொல்லவில்லை. அவள் வயல் அது.

“ஆட்டத்த விட்டுக் குடுத்துர்றேன்க்கா. அருண்கிட்ட சொல்லிடுங்க,” என்றாள்.

கொஞ்சம் இரு என்று சொல்லிவிட்டு ராகவனிடம் போனேன். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். பரிசுக்கு உதவி செய்தவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். போராட்டம், கைது என்று பெயர் அடிபட்டால் நிறுவனத்துக்கு என்ன ஆகுமோ என்று அவருக்குப் பயம். வராதவர் தோற்றவர், விதி அப்படித்தானே, அதன்படி முடித்துவிடலாமே என்றார். போட்டியைத் தள்ளிவைக்கலாம் என்று வேறொருவர் சொன்னார். தள்ளிவைத்தால் ஊர் ஊராக வந்திருக்கிற இவ்வளவு பேரும் எதற்கு வந்தார்கள் என்று ஆகிவிடும். அருணுக்கும் அது அநியாயம்.

விதிகளை எழுதியவர்களில் நானும் ஒருத்தி. ஆடுகிறவர் பக்கத்தில் ஒரு நடுவர் இருக்க வேண்டும், போட்டிக்கென்று சோதித்த கைப்பேசியில் ஆட வேண்டும், குறித்த நேரத்தில் ஆட்டத்துக்குள் வந்துவிட வேண்டும் என்றுதான் எழுதியிருந்தோம். எந்த இடத்தில் உட்கார்ந்து ஆட வேண்டும் என்று எழுதவில்லை. ஆட்டம் நடப்பதோ இணையத்தில். கைப்பேசியும் நடுவரும் அவளிடம் போய்விட்டால் விதி மீறவில்லை.

ஆனால் விதி இடம் கொடுக்கிறது என்பதற்காக அருணுக்குத் தெரியாமல் அதைச் செய்யக் கூடாது. அவனைத் தனியாக அழைத்து முழுவதையும் சொன்னேன். நீ ஒத்துக்கொள்ளாவிட்டால் கோப்பை உனக்குத்தான், யாரும் உன்னைக் குறை சொல்ல முடியாது என்றும் சொன்னேன். அவன் தன் நண்பர்களைக்கூடப் பார்க்கவில்லை.

“ஆடாம வாங்குன கோப்பைய எங்க வீட்ல எந்த எடத்துலக்கா வைக்கிறது?” என்றான். “நீங்க கெளம்புங்க. நேரமானாலும் நான் உக்காந்திருக்கேன்.”

ராகவன் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். தன் வண்டிச் சாவியை எடுத்து என்னிடம் நீட்டினார். போட்டிக் கைப்பேசியையும் காதில் மாட்டும் ஒலிக்கருவியையும் பையில் போட்டுக்கொண்டு, நடுவராக நானே கிளம்பினேன்.

மண்டப வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது. முந்தின முகூர்த்தத்துக்குக் கட்டியது, அவிழ்க்கவில்லை. அதற்குக் கீழே காவலர்கள் நின்றார்கள். உள்ளே கோஷம் அதிர்ந்துகொண்டிருந்தது. ஆய்வாளர் என்னைத் தடுத்தார். வந்த காரியத்தைச் சொன்னேன். “கேமா?” என்றார். ஆமாம் என்றேன். பார்வை இல்லாத பெண், டெல்டாப் போட்டியின் கடைசி ஆட்டம், மூன்று மணிக்கு என்று சுருக்கமாகச் சொன்னேன். உரிமை, சட்டம் என்றெல்லாம் பேசவில்லை. அவரும் காலையிலிருந்து நின்றுகொண்டிருந்த மனிதர். அவருடைய அன்றைய தலைவலி எது என்று வாசலிலேயே தெரிந்தது. உள்பக்கம் கையைக் காட்டினார்.

“உள்ள இந்தக் கோஷம் நிக்கணும். காலையிலேருந்து காது போச்சு. நிறுத்துவாங்கன்னா சொல்லுங்க, விடுறேன்.”

எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. அந்த ஆட்டமே காதால் ஆடுவது. ரீங்காரம் கேட்காவிட்டால் அவள் தோற்பாள். கேட்டுச் சொல்கிறேன் என்று உள்ளே போனேன்.

தமிழரசி அம்மா பக்கத்தில் ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்தாள். பாவாடை ஓரமெல்லாம் வயல் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. கைப்பேசியை அவள் கையில் கொடுத்தேன். முகம் மலர்ந்தது. ஆய்வாளர் சொன்னதைச் சொன்னேன். மலர்ந்த முகம் அப்படியே மாறிவிட்டது. கைப்பேசியைத் திருப்பி நீட்டினாள்.

“வேணாம்க்கா. இவங்க வாய மூடத்தான் இங்க கொண்டாந்து வச்சிருக்காங்க. எனக்காகவும் மூடச் சொல்லாதீங்க.”

மணி இரண்டே முக்கால். அங்கே அரங்கத்தில் கூட்டம் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இங்கே இவள் சொல்வதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. நான் இத்தனை தூரம் வந்தது அவளை ஆட வைக்க. அதற்காக அவளை வற்புறுத்தினால், சுலபமாக ஜெயிக்க வைக்கிறேன் என்று ராகவன் முதல் சந்திப்பில் சொன்னதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? சரி, நீ வேண்டாம் என்றால் வேண்டாம், நான் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்று கைப்பேசியை வாங்கிக்கொண்டேன். மனது கனத்தது. ஆனால் அந்த முடிவை எடுக்க வேண்டியவள் அவள்.

அப்போதுதான் கமலா வாய் திறந்தார். ஆட்டம் எவ்வளவு நேரம் என்று என்னிடம் கேட்டார். இரண்டு பாதி, நடுவில் இடைவேளை உண்டு என்றேன். இடைவேளையில் சத்தம் போடலாமா என்றார். போடலாம் என்றேன். எழுந்து நின்று கையைத் தூக்கினார். கோஷம் ஓய்ந்தது. மகளுக்கு ஆட்டம் இருப்பதையும் போலீஸ்காரர் சொன்னதையும், மகள் மறுத்ததையும் ஒளிக்காமல் எல்லாரிடமும் சொன்னார்.

“அவங்க மூடச் சொல்லி மூடுனா அது வேற. நம்ம புள்ள ஆடறதுக்கு நாமளா சும்மா இருந்தா அது வேற,” என்றார். “ஆட்டம் நடக்கையில சும்மா இருப்போம். எடவேளையில ரெட்டிப்பாப் போடுவோம். என்ன சொல்றீங்க?”

மண்டபமே சிரித்தது. சரி சரி என்று நாலா பக்கமும் குரல் வந்தது. தமிழரசி என் பக்கம் கையை நீட்டினாள். கைப்பேசியைக் கொடுத்தேன்.

நான் வாசலுக்குப் போய், உள்ளே எடுத்த முடிவை அப்படியே ஆய்வாளரிடம் சொன்னேன். ஆட்டத்தின்போது அமைதி, இடைவேளையில் கோஷம், அதுவும் முன்னைவிடப் பலமாக. மறைத்துச் சொல்லி அனுமதி வாங்கியிருக்கலாம். இடைவேளையில் கோஷம் எழும்பும்போது அவர் உள்ளே வந்து ஆட்டத்தை நிறுத்திவிட்டால் என்ன செய்வது? அவர் மீசையைத் தடவிக்கொண்டார்.

“பாதி நேரமாவது நிம்மதி,” என்றார். “போங்க.”

கூடத்துக்குள் இணைய வசதி சரியாக வரவில்லை. பின்பக்கம் சாப்பாட்டுக் கொட்டகையில் நன்றாக வந்தது. அங்கே நீள மேசை ஒன்றின் முனையில் அவளை உட்கார வைத்தேன். ஊரே பின்னால் வந்து பந்திபந்தியாக உட்கார்ந்தது. மூன்று மணிக்குச் சில நிமிடம் இருக்கும்போது, நான் இருக்கிறேன் என்று அருண் திரையில் வந்துவிட்டான். ஆட்டம் தொடங்கியது.

அத்தனை பேர் சேர்ந்து மௌனமாக இருப்பதை நான் அதற்கு முன் கேட்டதில்லை. ஒரு கைக்குழந்தை சிணுங்கியது. அதன் தாய் எழுந்து வெளியே போய்விட்டாள். தமிழரசி தலையைச் சற்றுச் சாய்த்துக்கொண்டு ஆடினாள். முதல் பாதி அருணுடையது. அவன் அவளுடைய முந்தைய ஆட்டங்களைக் கவனித்துப் படித்திருந்தான். தன் ஆட்களை ஓடவிடாமல் நிறுத்தி வைத்தான். நின்றால் காலடி இல்லை, காலடி இல்லாவிட்டால் அவளுக்கு ஆள் எங்கே என்று தெரியாது. அது ஏமாற்று இல்லை, அருமையான ஆட்டம். பாதி முடிந்தபோது அவள் நாலு புள்ளி பின்னால் இருந்தாள்.

கோஷம் எழும்பியது. கொட்டகை அதிர்ந்தது. கொட்டகை வாசலில் ஆய்வாளர் காதைப் பொத்திக்கொண்டதைப் பார்த்தேன். அந்தச் சத்தத்துக்கு நடுவே தமிழரசி என் காதருகே வந்தாள்.

“நிக்கிறவன் எவ்வளவு நேரம்க்கா நிப்பான்? நான் அசையாம நின்னா அவன்தானே வந்தாகணும்.”

இரண்டாம் பாதியில் அதைத்தான் செய்தாள். பாடிப் போய் நடுவில் நின்றுகொண்டாள். மூச்சு கரைந்துகொண்டே இருக்கும். பொறுக்க முடியாமல் அருணின் ஆள் ஒருவன் காலை நகர்த்துவான். அந்த ஒரு காலடி போதும், தொட்டுவிட்டுத் திரும்பிவிடுவாள். ஒவ்வொரு புள்ளியாக எட்டிப் பிடித்தாள். கடைசிச் சுற்றுக்கு வந்தபோது இருவரும் சமம். அவள் பாடிப் போக வேண்டிய முறை.

அப்போது மழை இறங்கியது. தகரக் கூரை. டெல்டாவின் ஐப்பசி மழை எப்படி இறங்கும் என்று உங்களுக்கே தெரியும். அத்தனை பேர் அடக்கி வைத்திருந்த மூச்சையும் சேர்த்து அது ஒரே அடியில் மூழ்கடித்தது. காதில் மாட்டிய கருவியில் எனக்கே ஒன்றும் கேட்டிருக்காது. ஆட்டத்தை நிறுத்தும்படி அரங்கத்துக்குச் சொல்லலாமா என்று ராகவனின் எண்ணை எடுத்தேன். மழைக்காக நிறுத்தலாம் என்று விதியில் இல்லை. அருண் பக்கம் மழை பெய்கிறதோ இல்லையோ. அவளைக் கேட்காமல் எதுவும் செய்யக் கூடாது என்று அவள் தோளைத் தொட்டேன். வேண்டாம் என்று அவள் தலையை ஆட்டினாள். காதிலிருந்த கருவியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டாள். கைப்பேசியை இரண்டு உள்ளங்கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டாள்.

மழை இறங்குவதற்குச் சற்று முன்தான் வலப்பக்கம் ஒரு காலடியை அவள் கேட்டிருந்தாள். அந்த நினைவில் வலப்பக்கம் பாய்ந்தாள். தொட்டாள். அருணின் மற்ற ஆட்கள் நாலு பேரும் ஒரே நேரத்தில் விழுந்து பிடித்தார்கள். ரீங்காரம் இல்லை, காலடி இல்லை, கூரைமேல் மழை மட்டும். அவள் விரல் திரையில் அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. கைப்பேசி மெதுவாகத் துடிக்கத் தொடங்கியதை அவள் மணிக்கட்டைப் பார்த்தே நான் தெரிந்துகொண்டேன். துடிப்பு வேகம் கூடியது. மூச்சுக் காட்டும் பட்டை சிவந்து சுருங்கிக்கொண்டே வந்தது. அது எனக்குத்தான் தெரிந்தது. அவள் அவசரப்படவில்லை. பிறகு ஒரு அதிர்வு, நீளமாக, ஒரே தடவை.

அவள் கைப்பேசியைக் கீழே வைத்தாள்.

“கோடு,” என்றாள்.

தொட்டவனுக்கும் பிடித்த நாலு பேருக்குமாகத் திரையில் ஐந்து புள்ளி ஏறியது. நன்னிலத்துத் தையல்காரருக்காகக் காத்திருந்து வைத்த அதிர்வு அது. ஒருவருக்காகத் திறக்கிற கதவின் வழியாக அடுத்து யார் வருவார்கள் என்று திறக்கும்போது உங்களுக்குத் தெரியாது. ஆகையால் ஒரு ஆளுக்காகவா என்று யாராவது கேட்டால் ஆமாம் என்று சொல்லுங்கள். தயங்க வேண்டாம்.

கமலா மகளை இறுகக் கட்டிக்கொண்டார். பெண்கள் குலவையிட்டார்கள். அது முடிந்ததும், யாரும் சொல்லாமலே, கோஷம் தொடங்கிவிட்டது. மழையே அடங்கிப்போகும்படி. ஆய்வாளர் கொட்டகைக்குள் வந்தார். நிறுத்தச் சொல்லத்தான் வருகிறார் என்று நினைத்தேன். ஜெயித்தது யார் என்று கேட்டார். சொன்னேன். தொப்பியைக் கழற்றி மழைத்தண்ணீரை உதறிவிட்டு, பால் வாங்கிவரச் சொல்லி ஒரு காவலரை அனுப்பினார். எல்லாருக்கும் தேநீர் வந்தது.

அந்தக் குழாய் அந்த வயல்கள் வழியாகப் போகவில்லை. அடுத்த சில மாதங்களில் பாதை மாற்றிச் சாலையோரமாகக் கொண்டுபோனார்கள். அதற்கும் எங்கள் ஆட்டத்துக்கும் சம்பந்தமில்லை. வரப்பில் உட்கார்ந்தவர்கள் மேலும் பல நாள் உட்கார்ந்து வாங்கியது அது. தமிழரசிக்கு ஆசிரியர் வேலை கிடைத்தது. எங்கள் ராகவன் அதன்பின் எந்த விளையாட்டையும், முழுதாக ஆடிப் பார்க்கக் கண் தெரியாத ஒருவர், காது கேளாத ஒருவர், கை அசைக்க முடியாத ஒருவர் என்று அழைத்து உட்கார வைக்காமல் வெளியிட்டதில்லை. அவர்களுக்குச் சம்பளம் போட்டு வைத்தார். உங்களோடு இன்று வேலை பார்க்கிறவர்களில் சிலர் அப்படி வந்தவர்கள்தான்.

அன்று மாலை ஐந்தரை மணிக்கு எல்லாரையும் விட்டார்கள். மழை தூறலாகியிருந்தது. நாங்கள் படியிறங்கும்போது ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. அருண். தொப்பலாக நனைந்திருந்தான். சட்டைக்குள்ளிருந்து கோப்பையை எடுத்துத் தமிழரசியின் கையில் கொடுத்தான். ராகவன் நாளைக்குக் கொடுக்கலாம் என்றாராம், இவன்தான் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டான். அவன் சாப்பிட்டானா என்று கமலா கேட்டார். இல்லை என்றதும், மத்தியானம் கொடுத்ததில் மீந்த சாம்பார் சாதப் பொட்டலம் ஒன்றை அவன் கையில் திணித்தார்.

படியிலேயே உட்கார்ந்து அவன் சாப்பிட்டான். பக்கத்தில் தமிழரசி கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“கடைசி ரெய்டுல நான் எடது பக்கம் வருவேன்னு நெனச்சியா?” என்றாள்.

“நெனச்சேன். அந்த வலது ஆள நான் நகத்தியிருக்கக் கூடாது.”

“நகத்தாட்டியும் தொட்டிருப்பேன்.”

“அதெப்படி? அவன் நின்ன எடம் ஒனக்கு எப்படித் தெரியும்?”

“மொதப் பாதி முழுக்க அங்கதான நிக்க வச்ச.”

அவன் வாயில் சோற்றோடு, அது தப்பு, மூன்றாவது சுற்றில் மாற்றினேன் என்றான். அவள் நாலாவது சுற்று என்றாள். குரல்கள் உயர்ந்தன. ஊர்ப் பேருந்து வந்து ஹாரன் அடித்தது, கமலா இரண்டு முறை கூப்பிட்டார், அவள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகும் வாக்குவாதம் ஓயவில்லை. பேருந்து நகர்ந்தது. அருண் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டே, மூன்றாவது சுற்றுதான் என்று சொல்லியபடி ஜன்னலை ஒட்டிக் கொஞ்ச தூரம் ஓடினான்.